அம்மா வந்துச்சு!

"சொந்த ஊர் எது சார்?"

"குண்டூர்."

இந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் எதிராளியின் முகத்தில் மிளகாய் நெடி ஏறுவதை முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இந்தக் கூத்து ஆரம்பமாகிவிட்டது. சூப்பரின்டெண்டென்ட் என் பைலைப் பிரித்து வைத்துக்கொண்டு, "தெலுங்கா?" என்றார்.

"இல்லை சார், தமிழ்தான். இது வேற குண்டூர். குண்டூர் நாடு. நாமக்கல் பக்கம் கொல்லிமலை."

"ஓஹோ, மலைஜாதியா? எந்தப் பிரிவு?"

"மலையாளி சார்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஊர் ஆந்திரா, இனம் கேரளா, பேசுவது தமிழ். தேசிய ஒருமைப்பாட்டுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நினைத்திருப்பார்.

உங்களுக்கும் அதே சந்தேகம் இருந்தால் தீர்த்து வைக்கிறேன். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை இங்கெல்லாம் வாழ்கிற பழங்குடிக்கு மலையாளி என்று பெயர். மலையில் இருக்கிறவன் மலையாளி, அவ்வளவுதான். கேரளாவோடு எங்களுக்கு நேந்திரம் சிப்ஸ் சம்பந்தம்கூடக் கிடையாது. எங்கள் மலையில் ஊராட்சிகளுக்கே நாடு என்றுதான் பெயர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று வரிசையாகப் போகும். சின்ன வயசில் பாஸ்போர்ட் இல்லாமலே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாடு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஊர்க் குழப்பம் இல்லை, பால் குழப்பம். பாக்கெட் பால் இல்லை சார். ஆண்பால், பெண்பால்.

*

1983. நான் எட்டாம் வகுப்பு. நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை (1997-ல்தான் ஆயிற்று). நாங்கள் சேலம் மாவட்டம். மலை மேலே ஒரு பள்ளிக்கூடம். அதற்குக் கீழ்நாட்டிலிருந்து ஓர் இங்கிலீஷ் சார் வருவார். காரவள்ளியிலிருந்து மேலே ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. எழுபதையும் தாண்டி வருகிறவருக்கு வயிற்றில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அவர் கிராமர் எடுத்தார் என்றால், அதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும். இனி சொல்லப் போகிற விஷயத்தில் அவர் மேல் உங்களுக்குக் கோபம் வரலாம் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அன்றைக்குப் பாடம் ஜெண்டர். கையில் ரென் அண்ட் மார்ட்டின். அந்தக் காலத்தில் கிராமர் என்றால் அந்தப் புத்தகம்தான். கரும்பலகையில் நாலு கட்டம் போட்டார். மாஸ்குலின், ஃபெமினைன், காமன், நியூட்டர்.

"இங்கிலீஷ் ரொம்ப சுலபம்டா. ஆம்பளைன்னா ஹீ. பொம்பளைன்னா ஷீ. உசிரில்லாததுன்னா இட். புல் மாஸ்குலின், கௌ ஃபெமினைன். டீச்சர், கஸின் எல்லாம் காமன். டேபிள் நியூட்டர். புரிஞ்சுதா?"

பின் பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. "எட்டுக்கை அம்மன் என்ன ஜெண்டர் சார்?"

கொல்லிப்பாவை கேள்விப்பட்டிருப்பீர்கள். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு எல்லாவற்றிலும் வருகிறவள். பார்க்கிறவனைச் சிரித்து மயக்கிச் சாகடிக்கும் பாவை என்று கதை. அவளைத்தான் எங்கள் மலையில் எட்டுக்கை அம்மன் என்று கும்பிடுகிறோம்.

"அம்மன்னா ஃபெமினைன்."

"பாவைன்னா பொம்மைதானே சார்? பொம்மைக்கு உசிரில்லையே?"

சார் யோசித்தார். "பொம்மை நியூட்டர், அம்மன் ஃபெமினைன், நீ முட்டி போடு" என்றார். இலக்கணச் சிக்கலை இதைவிடச் சுருக்கமாகத் தீர்த்தவரை நான் இன்று வரை பார்க்கவில்லை.

மறுநாள் காம்போசிஷன். தலைப்பு 'மை மதர்'. நான் சும்மா இருந்திருக்கலாம். இங்கிலீஷில் நாலு வரி சொந்தமாக எழுதிவிடுவது என்று கிளம்பினேன். மனசுக்குள் தமிழில் ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாக மாற்றினேன். எங்க அம்மா காலையில நாலு மணிக்கு எந்திரிக்கும். அது காட்டுக்குப் போகும். அது சாமை அறுக்கும். அது எனக்குச் சோறு போடும்.

மை மதர் கெட்ஸ் அப் அட் ஃபோர். இட் கோஸ் டு தி ஃபீல்ட். இட் கட்ஸ் சாமை. இட் கிவ்ஸ் மீ ஃபுட்.

ஸ்பெல்லிங்கில் ஒரு தப்பு கிடையாது. எழுந்து நின்று படிக்கச் சொன்னார் சார். கணீரென்று படித்தேன். மூன்றாவது 'இட்' வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்கம்மா என்னடா, எருமையா?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் புரிவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது சுட்டது. அன்றைக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் "அம்மா வந்துச்சு", "அக்கா சொல்லுச்சு" என்றுதான் பேசுவார்கள். ஆனால் அது இங்கிலீஷ் கோட்டு போட்டுக்கொண்டு வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

*

அன்று சாயங்காலம் ஒரு தீர்மானம் எடுத்தேன். இனிமேல் அம்மாவை அது, இது என்று சொல்லக்கூடாது. வீட்டுக்குப் போனேன். அம்மா விறகுக்கட்டோடு வந்துகொண்டிருந்தது... மன்னிக்கவும், வந்துகொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா. எப்ப வந்தீங்க?" என்றேன்.

அம்மா திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தது. யாராவது பெரிய மனுஷி கூட வருகிறாளா என்று. ஒருவரும் இல்லை. விறகைக் கீழே போட்டுவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

"காச்சலா சாமி?"

நாலு நாள் விடாமல் வாங்க, போங்க போட்டேன். ஐந்தாம் நாள் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு அம்மா எதிரே உட்கார்ந்துகொண்டது. "ஏஞ்சாமி, எம்மேல எதுக்கும் கோவமா? யாரோ எவரோ மாதிரி பேசறே..." கண்ணில் தண்ணீர். மரியாதை கொடுத்தால் அழுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

பழையபடி மாறிக்கொண்டேன். வீட்டில் 'அது', பள்ளிக்கூடத்தில் 'ஷீ'. இப்படி இரட்டை வாழ்க்கை வாழ்ந்து, மலையிறங்கி, ஹாஸ்டலில் படித்து, பரீட்சை எழுதி, சென்னையில் மத்திய அரசு ஆபீஸில் கிளார்க் ஆனேன்.

மத்திய அரசு என்றால் இந்திப் பரீட்சை உண்டு. பிரபோத், பிரவீண், பிராக்யா என்று மூன்று. (யாரோ ஹீரோயின்கள் பெயர் மாதிரி இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம்.) பாஸானால் காசு வரும் என்பதால் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே எனக்கு இரண்டாவது அடி. இந்தியில் நாற்காலி பெண். வீடு ஆண். சரி, தொலையட்டும். தாடி பெண்பால். மீசையும் பெண்பால்! போலீஸும், ராணுவமும்கூடப் பெண்பால்தான். கண்ணாடியில் மீசையை முறுக்கி விட்டுக்கொண்டிருந்த எங்கள் செக்ஷன் ஆசாமி ஒருவர் அன்றோடு முறுக்குவதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் இங்கிலீஷின் அருமை எனக்குத் தெரிந்தது. இங்கிலீஷில் பெயர்ச்சொல்லுக்கு இப்படிப் பால் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மேஜையோ மீசையோ, 'தி' போட்டால் தீர்ந்தது. 'குட்' என்றால் எல்லாருக்கும் குட். வினைச்சொல்லும் அப்படியே. 'கேம்' என்றால் அப்பா வந்தாலும் கேம், அம்மா வந்தாலும் கேம், ஆட்டுக்குட்டி வந்தாலும் கேம். ஹீ, ஷீ, இட் என்று சொல்லும் இடத்தில் மட்டும்தான் குட்டு வெளிப்படும்.

தமிழில் நேர்மாறு. கடைசி எழுத்து வரைக்கும் நம்மை விடாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. வாக்கியத்தை முடிப்பதற்குள், வந்தவர் யார், அவர் நமக்கு என்ன உறவு, எவ்வளவு மரியாதை தரலாம் என்று முடிவு கட்டியாக வேண்டும். வெள்ளைக்காரன் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டு விட்டுவிடுகிறான். நாம் சம்பளம் எவ்வளவு என்பது வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் வினைமுற்றைப் போடுகிறோம்.

*

எங்கள் ஆபீஸில் ஒரு நெல்லூர்க்காரர் இருந்தார். நான் குண்டூர் என்று கேள்விப்பட்டு ஆசையாக ஓடி வந்து தெலுங்கில் பொழிந்து தள்ளியவர். உண்மை தெரிந்ததும் ஏமாந்தாலும், சிநேகிதத்தை விடவில்லை. ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்தபடி அந்த 'மை மதர்' கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை.

"இதிலே என்ன தப்பு? எங்க பாஷையிலே இலக்கணமே அதான்" என்றார்.

"எப்படி?"

"ஆம்பளை வந்தா வச்சாடு. பொம்பளை வந்தா வச்சிந்தி. பசுமாடு வந்தாலும் வச்சிந்தி. ஒருமையிலே பொம்பளைக்குன்னு தனி முடிவே கிடையாது."

"அடப்பாவமே!"

"இருங்க. நாலு பொம்பளைங்க சேர்ந்து வந்தா வச்சாரு. ஆம்பளைங்க கூட்டமா வந்தாலும் அதே வச்சாருதான்."

ஒருத்தியாக வந்தால் மாட்டோடு. நாலு பேராக வந்தால் மனிதரோடு! சங்கம் வைத்தால்தான் சலுகை என்பதைத் தெலுங்கு இலக்கணம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. மரியாதைப்பட்ட ஒரு பெண்மணி தனியாக வந்தாலும் பன்மை போட்டு வச்சாரு என்று சொல்லிவிடுவார்களாம். அதாவது மரியாதை வந்ததும் பால் கழன்றுகொள்கிறது.

நம் எழுத்துத் தமிழிலும் அப்படித்தானே? அமைச்சர் வந்தார் என்றால் ஆணா பெண்ணா தெரியாது. ஹீ-யும் வேண்டாம் ஷீ-யும் வேண்டாம் என்கிறவர்களுக்காக இங்கிலீஷ்காரர்கள் 'தே' என்ற பன்மையை ஒருவருக்கும் போட ஆரம்பித்து, 2019-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதையே அந்த வருஷத்தின் வார்த்தையாக அறிவித்தது. நாம் 'அவர்' என்ற பன்மையை ஒருவருக்குப் போட ஆரம்பித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

நெல்லூர்க்காரர் கொடுத்த தெம்பில் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கன்னிமரா லைப்ரரி வாழ்க. அங்கேதான் எனக்குப் பரம திருப்தி கிடைத்தது. இந்த இங்கிலீஷ் ஒன்றும் பிறக்கும்போதே இப்படி யோக்கியமாகப் பிறந்துவிடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய இங்கிலீஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் இருந்தது. சூரியன் பெண்பால். சந்திரன் ஆண்பால். 'வைஃப்' என்கிற சொல்லின் முப்பாட்டன் 'வீஃப்'. அதற்கு அர்த்தம் பெண். அது என்ன பால் தெரியுமோ? நியூட்டர்! மேஜை, நாற்காலி ரகம். அதோடு ஆண்பாலான 'மன்' சேர்ந்து 'வீஃப்மன்' என்று ஒரு சொல் வந்தது. இன்றைய 'வுமன்' அதுதான். அந்தக் கூட்டுச் சொல்லோ ஆண்பால். பெண்ணைக் குறிக்கும் ஒரு சொல் அஃறிணை, இன்னொன்று ஆண்பால்!

ஜெர்மன்காரர்கள் இன்றும் விடவில்லை. 'மேட்ஷன்' என்றால் சின்னப் பெண். அந்தச் சொல் நியூட்டர். மார்க் ட்வெய்ன் 1880-ல் இதையெல்லாம் வைத்து ஜெர்மன் மொழியைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரையே எழுதினார். இங்கிலீஷில் மட்டும் பதினொன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினான்குக்குள் சொற்களின் வால்கள் பேச்சில் தேய்ந்து தேய்ந்து உதிர்ந்துவிட்டன. வால் போனதும் பாலும் போயிற்று. மிச்சம் இருந்தது கப்பலை 'ஷீ' என்கிற பழக்கம் மாதிரி ஒன்றிரண்டு. அதையும் 1734-லிருந்து கப்பல் சேதி சொல்லி வந்த லாயிட்ஸ் லிஸ்ட் பத்திரிகை 2002-ல் 'இட்' என்று மாற்றிக்கொண்டது.

ஆக, எங்கள் இங்கிலீஷ் சார் ஓர் ஆயிரம் வருஷம் முன்னால் பிறந்திருந்தால் என் 'மை மதர்' கட்டுரைக்கு வேறு மாதிரித்தான் மார்க் போட்டிருப்பார்! ('மதர்' அப்போதும் பெண்பால்தான். அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

*

இப்படி எல்லாப் பக்கமும் வக்கீல் பாயிண்ட் சேர்த்து வைத்துக்கொண்டு, போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. அம்மாவும், பக்கத்து வீட்டிலேயே வாழ்க்கைப்பட்ட தங்கச்சியும்தான். அடுப்பு ஓரம் உட்கார்ந்து, குளிருக்குக் காபியைக் கையில் பிடித்தபடி (காபி எங்கள் மலைக் காபி), 'மை மதர்' கதையையும் வைஃப் கதையையும் எடுத்து விட்டேன். அம்மா சிரித்தது. நான் முடிவுரைக்கு வந்தேன்.

"விஷயம் என்னன்னா, அதுன்னு சொல்றது மரியாதைக் குறைவு இல்லே. பாசம். நெருக்கமா இருக்கிறவங்களை அப்படித்தான் சொல்லுவோம்."

தங்கச்சி விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "அப்ப அப்பா மேல உனக்குப் பாசமே இல்லியா அண்ணா?"

"ஏன்?"

"அப்பா வந்தாரு. அம்மா வந்துச்சு. மாமா வந்தாரு. அத்தை வந்துச்சு. வீட்டுக்காரரு சொன்னாரு, நான் சொல்லுச்சு. ஆட்டுக்குட்டியும் வந்துச்சு. பாசமெல்லாம் எங்களுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் மட்டும்தானா?"

சார், நான் இருபத்தைந்து வருஷமாக நெல்லூர், லண்டன், பெர்லின் எல்லாம் சுற்றிச் சேகரித்த கேஸ். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் ஒரே கேள்வியில் தள்ளுபடி செய்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு ஏன் நின்றாள் என்பதும் எனக்குத் தெரியும். அண்ணன் கீழே போய்ப் படிக்கணும். சாமை அறுக்க வீட்டில் ஒரு கை வேணும். "அவன் போகட்டும், அது இருக்கட்டும்" என்றார் அப்பா. அந்த வாக்கியத்தில் யார் 'அவன்', யார் 'அது' என்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

பேச்சை மாற்ற அம்மாவிடம் திரும்பினேன். "நீ சொல்லும்மா. அதுன்னு சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்குதா?"

அம்மா கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தது.

"நீ சொன்னா எனக்கென்ன சாமி? நீ வாங்கன்னப்பத்தான் பயந்துட்டேன். ஆனா பென்சன் காயிதம் குடுக்கக் கீழ போனேன் பாரு, அங்க ஒரு பையன். உன் வயசுகூட இருக்காது. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட, 'அதுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டு வாங்கிக்க'ன்னான். நான் அவன் மொகத்துக்கு நேராத்தான் நிக்கறேன். அப்ப சுருக்குன்னுச்சு. அதே வார்த்தைதான்..."

அடுப்பு வெடித்தது. வேறு சத்தம் இல்லை.

எனக்கு அந்தப் பையன் மேல் ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் எனக்கு அந்தக் கவுண்டரைத் தெரியும். அந்த நாற்காலியையும் தெரியும். முப்பது வருஷத்தில் நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "அது ஃபார்மைத் தப்பா எழுதியிருக்கு, திருப்பி அனுப்பு." "அது நேத்தே வந்துச்சே, இன்னிக்கும் வந்து நிக்குது பாரு." பெருக்க வருகிற அம்மாள் ஒருநாள் வராவிட்டால், "அது இன்னிக்கு லீவா?" ஒருநாளும் மேனேஜரைப் பற்றி, "அது இன்னிக்கு லீவா?" என்று வாயில் வந்ததில்லை. இலக்கணம் அவ்வளவு கச்சிதமாகச் சம்பளப் பட்டியலைப் படித்து வைத்திருந்தது.

*

ஊருக்குத் திரும்பினதும் இன்னொரு தடவை லைப்ரரிக்குப் போனேன். இந்த முறை தொல்காப்பியம். சொல்லதிகாரத்தில் முதல் இயல் கிளவியாக்கம். அதில் ஒரு சூத்திரம். மனிதரைக் குறித்தாலும் அஃறிணை முடிவு பெறுகிற சொற்களைப் பட்டியல் போடுகிறது. அரசு, மகவு, குழவி, அடிமை என்று போகிறது பட்டியல். ஆளுகிறவரும் அதிலே, அடிமையும் அதிலே, தொட்டில் குழந்தையும் அதிலே. குழந்தை அழுதது என்கிறோம், அரசு ஆணையிட்டது என்கிறோம், சரிதான் என்று படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அன்பால் சொல்லும் சொல்லும் அதே பட்டியலில் இருக்கிறது. வெறுத்துச் சொல்லும் சொல்லும் அதே பட்டியலில் இருக்கிறது.

மகளை 'என் பாவை' என்று கொஞ்சினால் 'வந்தது' என்றுதான் முடிக்க வேண்டும். ஒருத்தியைக் கரித்துக்கொட்டினாலும் 'வந்தது' என்றே முடியும். பொம்மையா அம்மனா என்று முட்டி போட வைத்தாரே எங்கள் சார், அந்தக் கேள்விக்கு விடை சொல்லில் இல்லை, சொல்கிற வாயில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. என் அம்மா அடுப்பு ஓரத்தில் சொன்னதும் அதையேதான். அம்மாவுக்குத் தொல்காப்பியம் தெரியாது. தொல்காப்பியருக்கு என் அம்மாவைத் தெரிந்திருக்கிறது.

ஆனால் தங்கச்சியின் கேள்விக்குத் தொல்காப்பியத்திலும் எனக்குப் பதில் அகப்படவில்லை. அப்பாவுக்கு ஏன் 'வந்தாரு'? அதற்கு நான்தான் பதில் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து போனில் அவளை, "சொல்லுங்க" என்கிறேன். "போண்ணா, கிண்டல் பண்ணாதே" என்கிறாள். பரவாயில்லை. அம்மாவைப் போல அழவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். போன மாசம், தன் மகள் காலேஜில் சேர்ந்த சேதியைச் சொன்னபோது, "பாப்பா சேந்துட்டாங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. குறித்துக்கொண்டேன்.

ஆபீஸ் கவுண்டரில் 'அது'வை நிறுத்திவிட்டேன். "அந்த அம்மா வந்திருக்காங்க, கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல இரண்டு வினாடி கூட ஆவதில்லை. பைல் தேங்கவும் இல்லை. பக்கத்து ஸீட் இளைஞர் ஒருவர் முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது அவரும் சொல்கிறார். மேனேஜர் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றது ஒரே ஒரு தடவைதான்.

அம்மா மட்டும் அதுதான். மாற்றினால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்.

*

பொங்கல் முடிந்து கிளம்பிய அன்று ஒரு விஷயம் நடந்தது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

விடிகாலை. பனி. பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா ஒரு பையில் சாமையும், இன்னொன்றில் மிளகும் கட்டிக் கொண்டு வந்திருந்தது. நான் ஏறி, பையை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அம்மா படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய்க் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டது.

"ஏப்பா, எம்புள்ள தனியாப் போவுது. நாமக்கல்ல பாத்து எறக்கி விட்டுரு. வளைவுல வாந்தி எடுக்கும், ஜன்னலாண்ட குந்த வச்சிருக்கேன்."

கண்டக்டர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். குழந்தையைத் தேடினார். முன் ஸீட், பின் ஸீட், என் ஸீட்டுக்குக் கீழே எல்லாம் பார்த்தார். ஒரு குழந்தையும் இல்லை. மத்திய அரசில் முப்பது வருஷம் சர்வீஸ் முடித்த, வழுக்கை விழுந்த, நரைத்த மீசை (இந்தியில் பெண்பால்) வைத்த ஓர் ஆசாமி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா? எந்தப் புள்ள?"

"அதான், அங்க ஒக்காந்திருக்குது பாரு."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எட்டாம் வகுப்பில் சிரித்த அதே சிரிப்பு. இந்த முறை எனக்குக் காது சுடவில்லை.

எழுபதாவது வளைவு வரைக்கும் நான் அஃறிணையாகவே இறங்கினேன்.